நூலகருக்கு யார் பாடம் எடுப்பது?

வீட்டு வரி கட்டிய ரசீதை எடுத்துப் பாருங்கள். சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி என்று ஒரு தொகை போட்டிருப்பார்கள். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. 1948-இல் வந்த மதராஸ் பொது நூலகச் சட்டம் செய்துவைத்த ஏற்பாடு இது. வரி விகிதம் பின்னாளில் கூடித்தான் இந்த அளவுக்கு வந்தது. ஏற்பாடு அப்படியே நிற்கிறது. அதாவது நூலகத்தில் ஒரு நாளும் கால் வைக்காதவரும் அதற்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பணம் எதற்குப் போகிறது என்றால் புத்தகம், நாளிதழ், கட்டடம், அலமாரி என்று சொல்லிவிடுவோம். கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் நம் கணக்கில் வருவதே இல்லை. அவர் வேலையில் சேர்ந்தபோது படித்ததுதான் இன்றைக்கும் கைமுதலா? சேர்ந்த பிறகு அவருக்கு யார் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? டாக்டருக்கும் வாத்தியாருக்கும் பணியிடைப் பயிற்சி வேண்டும் என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். நூலகருக்கு என்றால், 'புத்தகத்தை எடுத்துக் கொடுக்க என்ன பயிற்சி' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும்தான் இந்த விளக்கம்.

பொது நூலகத்தில் நூலகராக வேண்டுமானால் நூலக அறிவியலில் சான்றிதழோ பட்டமோ வேண்டும். அந்தப் படிப்பில் நூல்களைப் பொருள்வாரியாகப் பகுப்பது, பட்டியல் தயாரிப்பது, நூலக நிர்வாகம், கொஞ்சம் கணினி எல்லாம் உண்டு. தேவையான படிப்புதான். பகுப்பு தெரியாதவர் கையில் பத்தாயிரம் புத்தகம் கிடைத்தால் அது கிடங்காகிவிடும். ஆனால் இந்தப் படிப்பு பெரும்பாலும் புத்தகத்தைப் பற்றியது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்து நிற்கிற ஆளைப் பற்றி அதில் குறைவு. அந்தக் குறையைப் பணியிடைப் பயிற்சிதான் நிரப்ப வேண்டும்.

இதற்கு நம் ஊரிலேயே முன்னுதாரணம் உண்டு. சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்தார். அதற்கு முன் மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். நூலகப் பயிற்சி எதுவும் கிடையாது. சேர்ந்த சில நாட்களிலேயே வேலை அலுத்துப்போய், பழைய வேலைக்கே திரும்பிவிடுகிறேன் என்று கல்லூரி முதல்வரிடம் போய் நின்றார் என்பது நூலகர்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. லண்டன் போய்ப் பயிற்சி பெற்று வாருங்கள், அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள்.

லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் நூலகப் பள்ளியில் அவருக்குப் பாடம் சொன்னவர்களில் ஒருவர் பெர்விக் சேயர்ஸ். அவர் வெறும் பேராசிரியர் அல்லர்; கிராய்டன் நகர நூலகத்தை நடத்திக்கொண்டிருந்தவர். வகுப்பறையைவிட, அங்குள்ள பொது நூலகங்களைச் சுற்றிப் பார்த்ததுதான் ரங்கநாதனை மாற்றியது. பிள்ளைகளும் தொழிலாளிகளும் வீட்டுப் பெண்களும் உரிமையோடு உள்ளே வந்து போவதை அவர் பார்த்தார். 1925-இல் திரும்பியவர் கணக்குப் பக்கம் போகவில்லை. 1928-இல் சென்னை நூலகச் சங்கம் உருவாவதில் முன்நின்றார். 1929-இல் அந்தச் சங்கம் கோடை விடுமுறையில் ஒரு பயிற்சி வகுப்பு தொடங்கியது. 1931-இல் பல்கலைக்கழகம் அதை எடுத்துக்கொண்டது. 1937-இல் அது முழுநேர டிப்ளமோவானது.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் நூலகக் கல்வி ஒரு கோடைப் பயிற்சியாகப் பிறந்து, பட்டப்படிப்பாக வளர்ந்தது. வளர்ந்ததில் தப்பில்லை. பட்டம் வந்தபின், அதை வாங்கியாயிற்று, இனி என்ன என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டதுதான் வருத்தம்.

சரி, பயிற்சி கொடுத்தால் உண்மையிலேயே ஏதாவது மாறுமா? மாறும் என்பதற்கு நல்ல சான்று அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இருக்கிறது. 1983-இல் அங்கே பொது நூலகங்களைச் சத்தமில்லாமல் சோதித்தார்கள். வாசகர்களைப் போல ஆட்கள் போய், போனிலும் நேரிலும், முன்கூட்டியே விடை தெரிந்த கேள்விகளைக் கேட்டார்கள். சரியான, முழுமையான பதில் வந்தது நூற்றுக்கு 55 தடவைதான். மற்ற இடங்களில் நடந்த இதே மாதிரிச் சோதனைகளிலும் ஏறக்குறைய இதே எண்ணிக்கை வந்ததால், நூலக உலகில் இதற்கு '55 விழுக்காட்டு விதி' என்றே பெயர் விழுந்தது.

அதைவிட முக்கியமானது, எந்த நூலகம் நன்றாகச் செய்தது என்பதற்கான காரணம். பெரிய நூலகமா சின்ன நூலகமா, புத்தகம் அதிகமா குறைவா என்பதெல்லாம் பெரிதாகப் பேசவில்லை. நூலகர் நடந்துகொண்ட விதம்தான் பேசியது. வந்தவர் கேட்டதைத் திரும்பச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டாரா, துருவிக் கேட்டாரா, கடைசியில் 'நீங்கள் கேட்டதற்கு முழுதாகப் பதில் கிடைத்ததா' என்று கேட்டாரா என்பவைதான். கடைசிக் கேள்வி ஒன்றே பல தவறுகளைப் பிடித்துவிடுகிறது என்று கண்டார்கள். இந்தப் பழக்கங்களை மூன்று நாள் பயிலரங்கில் சொல்லிக்கொடுத்தார்கள். அதோடு விடவில்லை. ஊழியர்கள் தத்தம் நூலகத்துக்குத் திரும்பியதும், சக ஊழியர் ஒருவர் பக்கத்தில் நின்று கவனித்து, எது நடந்தது, எது விட்டுப்போனது என்று சொல்ல வேண்டும். அப்படி மாற்றி மாற்றிப் பழகிய நூலகங்களில் சரியான பதில்களின் அளவு நன்றாகவே ஏறியது. பயிலரங்கோடு நின்றுவிட்டவர்களிடம் அந்தப் பலன் அவ்வளவாக ஒட்டவில்லை.

நம் கவுண்டரில் இது எப்படி இருக்கும் என்று பார்ப்போம். ஒரு கிளை நூலகம். காலை நேரம், பெரியவர்கள் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்து கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"சார், பட்டா புத்தகம் இருக்குதுங்களா?"

சட்ட நூல்கள் இருக்கும் அடுக்கைக் கையால் காட்டிவிட்டு நூலகர் தன் பதிவேட்டுக்குத் திரும்பிவிடலாம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்று. அந்த அம்மா அடுக்கின் முன் இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் போய்விடுவார். மறுபடி வரமாட்டார்.

பழகிய நூலகர் வேறு மாதிரி போவார்.

"இருக்கும்மா. என்ன விஷயமாப் பாக்கணும்? புதுசாப் பட்டா வாங்கவா, பேரு மாத்தவா?"

"பேரு மாத்தத்தாங்க. வீட்டுக்காரர் போயி ஆறு மாசமாச்சு. இன்னும் அவரு பேர்லயே கெடக்குது."

இப்போதுதான் உண்மையான கேள்வி வெளியே வந்திருக்கிறது. இதற்குத் தேவை சட்டப் புத்தகமே இல்லை. இறப்புச் சான்று கையில் இருக்கிறதா, தாசில்தார் அலுவலகம் தரும் வாரிசுச் சான்றிதழ் வாங்கியாயிற்றா, பட்டா மாறுதலுக்கு எந்த இ-சேவை மையத்தில் விண்ணப்பம் கொடுக்கலாம் என்பதுதான் தேவை. அரசின் இணையப் பக்கத்தைத் திறந்து காட்டி, வேண்டிய ஆவணங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, "வேற ஏதாச்சும் தெரிஞ்சுக்கணுமாம்மா?" என்று கேட்டால், அநேகமாக இன்னொன்று வரும். "பையன் ஒருத்தன் கையெழுத்துப் போட மாட்டேங்கறான்." அந்த இடத்தில் நூலகர் நிறுத்திக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். வாரிசுத் தகராறுக்கு யோசனை சொல்வது அவர் வேலை அல்ல. இலவச சட்ட உதவி மையம் கோர்ட் வளாகத்தில் இருக்கிறது என்று வழிகாட்டுவதோடு சரி. தகவல் தருவதற்கும் யோசனை சொல்வதற்கும் நடுவே உள்ள கோடு எங்கே என்பதே பயிற்சியில் அரை நாள் பேச வேண்டிய விஷயம். நோய், மருந்து பற்றிக் கேட்டு வருபவர்களிடம் இந்தக் கோடு இன்னும் முக்கியம்.

இதைப் புத்தகத்தில் படித்து வரவழைக்க முடியாது. ஒருவர் வாசகராகவும் ஒருவர் நூலகராகவும் உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டும். முதலில் சிரிப்பு வரும். நாலாவது ஆளுக்கு வராது.

மேரிலாந்தில் செய்ததை இங்கே அப்படியே செய்ய ஒரு தடை உண்டு. நம் கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். பக்கத்தில் நின்று கவனிக்கச் சக ஊழியர் எங்கே? அந்த ஒருவரும் பயிற்சிக்குப் போனால் நூலகத்துக்குப் பூட்டு. அதனால் பயிற்சி என்றாலே மாவட்டத் தலைநகரில் ஒரு கூட்டம், யாரோ ஒரு பேராசிரியரின் உரை, மதியச் சாப்பாடு, ஒரு பை, ஒரு குறிப்பேடு, குரூப் போட்டோ என்றாகிவிடுகிறது. பை நன்றாகவே இருக்கும்.

என் யோசனை இது: பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருக்கும் ஐந்தாறு நூலகங்களை ஒரு குழுவாக்கலாம். பல கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. மாதம் ஒரு வெள்ளி, அரை நாள், குழுவில் ஒருவருடைய நூலகத்தில் கூடலாம். அந்த அரை நாளுக்கு மாற்று விடுப்பு கட்டாயம் தர வேண்டும். குறைந்த ஊதியத்தில் இருக்கும் ஊர்ப்புற நூலகர்களின் விடுமுறையை ஓசியில் பறித்துப் பயிற்சி நடத்துவது நியாயமில்லை. இன்னொரு நூலகரின் அடுக்குகளையும் பதிவேட்டையும் நேரில் பார்ப்பதே பாதிப் பயிற்சி. ஒருவர் சிறுவர் நூல்களைக் கீழ் அடுக்கில் வைத்திருப்பார். இன்னொருவர் ஏணி போட்டு எடுக்கும் உயரத்தில் வைத்திருப்பார். யாரும் உரையாற்றவே வேண்டாம், பார்த்தாலே புரியும்.

சிறுவர் நூல்கள் என்றதும் ஒரு வேண்டாத உண்மையைச் சொல்லியாக வேண்டும். சில நூலகங்களில் நல்ல புத்தகங்கள் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும். வாசகர் அதைப் பார்த்து நூலகரைத் திட்டுவார். பின்னால் இருப்பது பயம். இருப்புச் சரிபார்க்கும்போது குறையும் புத்தகத்துக்குத் தன் கையிலிருந்து பணம் கட்ட நேருமோ என்ற பயம். மத்திய அரசின் பொது நிதி விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. ஓர் ஆண்டில் இரவல் போய் வந்த, படிக்க எடுத்த ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து காணாமல் போவது இயல்பான இழப்பு. நேர்மைக் குறைவோ கவனக் குறைவோ இல்லை என்றால் அதை ஏற்றுக்கொள்ளலாம். விலை ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலோ அரிய நூலோ தொலைந்தால் மட்டும் விசாரணை. இது மத்திய அரசு நூலகங்களுக்கான விதி. மாநில நூலகங்களுக்கு அவரவர் நடைமுறை. ஆனால் புழங்கினால் சில தொலையும் என்பதை அரசே எழுதி வைத்திருக்கிறது என்பது பல நூலகர்களுக்குச் செய்தியாக இருக்கும். கிழிந்த, காலாவதியான நூல்களை எப்படிக் கழிப்பது, எந்தக் காகிதத்தில் யார் கையெழுத்து வேண்டும் என்று ஒரு கணக்கு அலுவலரைக் கூட்டிவந்து விளக்கச் சொன்னால், அந்த ஒரு வகுப்பு பல பீரோக்களைத் திறந்துவிடும். புது மென்பொருள் பயிற்சியைவிட இதை முதலில் வைக்க வேண்டும் என்பேன்.

மென்பொருள் வேண்டாம் என்று சொல்லவில்லை. கோஹா என்ற திறமூல மென்பொருள் 2000-இல் நியூசிலாந்தின் ஒரு சிறு நகர நூலக அமைப்பில்தான் முதலில் ஓடத் தொடங்கியது. இன்று உலகெங்கும் நூலகங்கள் காசில்லாமல் அதைப் பயன்படுத்துகின்றன. கற்க வேண்டியதுதான். ஆனால் ஊர் நூலகருக்குக் கணினி தொடர்பாக அன்றாடம் வரும் தலைவலி வேறு. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் விண்ணப்பத்தை நிரப்ப உதவி கேட்பார்கள். பெரியவர் ஒருவர் போனையே கையில் கொடுத்து, "நீயே பாத்துப் போட்டுடு தம்பி" என்பார். ஓடிபி வரும். அதை நூலகர் தட்டச்சு செய்யலாமா? கூடாது. பெரியவர் கையாலேயே போடவைக்க வேண்டும், எவ்வளவு நேரமானாலும். பொதுக் கணினியில் வேலை முடிந்ததும் வெளியேறி, இறக்கிய சான்றிதழ் நகல்களை அழிக்க வேண்டும். யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்று மூன்றாம் மனிதர் கேட்டால், அவர் அப்பாவாகவே இருந்தாலும், சொல்லக்கூடாது. நம் ஊரில் இந்தக் கடைசி விஷயம் கொஞ்சம் கடினம். எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள்.

தமிழில் இணையத்தில் என்ன கிடைக்கிறது என்பதும் நூலகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1998 முதல் தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றிவரும் மதுரைத் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்துவரும் 'நூலகம்' என்ற தளம் ஆகிய மூன்றையும் அறிந்தவரின் சிறு நூலகத்தில் அடுக்கில் இல்லாத பல ஆயிரம் நூல்கள் உண்டு.

அடுத்தது, தன் ஊரைப் படிப்பது. பட்டப்படிப்பில் இதைச் சமூக ஆய்வு என்று ஒரு பாடமாகத் தொட்டுவிட்டுப் போவார்கள். செய்முறை எளிது. நூலகத்தைச் சுற்றிக் கால்நடையாகப் போகும் தூரத்தில் எத்தனை பள்ளி, எத்தனை அங்கன்வாடி, எந்தத் தொழில், யார் எப்போது ஓய்வாக இருப்பார்கள் என்று நடந்து பார்த்து எழுதுவது. பிறகு உறுப்பினர் பதிவேட்டைத் திறந்து, எந்தத் தெருவிலிருந்து ஒருவர்கூட வரவில்லை என்று பார்ப்பது. திருப்பூரில் பனியன் கம்பெனித் தெருவில் இருக்கும் ஒரு நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளிகள் அந்த வாசலைத் தாண்டித்தான் தினமும் போகிறார்கள். அவர்கள் மொழியில் ஒரு பத்திரிகையும், தமிழ் எழுத்துப் பழகும் ஒரு சிறு நூலும் மேசையில் கிடந்தால் நாலு பேராவது உள்ளே வருவார்கள். இதற்கு உத்தரவு வர வேண்டும் என்று காத்திருக்காமல், வாசகர் வட்டத்தில் பேசி, ஒரு புரவலர் மூலம் ஏற்பாடு செய்யத் தெரிவதும் ஒரு திறமைதான். 1931-இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினாரே, அதைப் போல.

குழந்தைகளுக்குக் கதை சொல்வது தனிக் கலை. எல்லா நூலகருக்கும் வராது. வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் கூடாது. ஊரில் கதை சொல்லத் தெரிந்த ஒரு பாட்டியையோ ஓய்வுபெற்ற ஆசிரியரையோ கண்டுபிடித்து, வாரம் ஒரு மணி நேரம் உட்காரவைத்தால் போதும்.

இதையெல்லாம் எங்கே போய்க் கற்பது? 2022-இல் திருத்தி வெளியிட்ட யுனெஸ்கோவின் பொது நூலக அறிக்கை, நூலகரின் தொடர்கல்வியைத் தவிர்க்க முடியாத ஒன்றாகவே வைக்கிறது. இந்தியாவில் கொல்கத்தாவில் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையும், 2014-இல் தொடங்கிய தேசிய நூலக இயக்கமும் பொது நூலகர்களுக்குப் பயிற்சிகள் நடத்தியிருக்கின்றன. சென்னையின் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், பில் கேட்ஸ் அறக்கட்டளையின் உதவியோடு, இந்தியாவிலும் தெற்காசியாவிலும் இளம் பொது நூலகர்களைத் தேர்ந்தெடுத்து ஒரு திட்டம் நடத்தியது. அதில் எனக்குப் பிடித்தது, பாடத்தோடு சேர்த்து ஒவ்வொருவரும் தன் நூலகத்தில் புதிதாக ஒன்றைச் செய்துகாட்ட வேண்டும் என்ற ஏற்பாடு. பிடிக்காதது, வெளிப் பணத்தில் ஓடும் திட்டங்களுக்கே உரிய விதி: பணம் நின்றால் திட்டமும் நிற்கும். கேட்ஸ் அறக்கட்டளை தன் உலக நூலகப் பணியை 2018-இல் முடித்துக்கொண்டது.

இணையத்தில் அமெரிக்காவின் வெப்ஜங்ஷன் என்ற தளம் 2003 முதல் சிறு ஊர் நூலகர்களை மனத்தில் வைத்துப் பாடங்கள் தருகிறது. யாரும் இலவசமாகப் படிக்கலாம். நம் நாட்டு ஸ்வயம் தளத்திலும் நூலக அறிவியல் பாடங்கள் இருக்கின்றன. இரண்டிலும் ஆங்கிலம்தான் சிக்கல். கவுண்டரில் வாசகரோடு பேச வேண்டியது தமிழில், பயிற்சி ஆங்கிலத்தில் என்றால் நடுவில் பாதி சிந்திவிடும். பட்டா கேட்டு வந்த அம்மாவிடம் எப்படிக் கேட்பது என்பதைத் தமிழில், அந்தந்த வட்டாரப் பேச்சில், வீடியோவாக எடுத்து வைத்தால் பெரிய செலவில்லை. நன்றாகப் பழகும் நூலகர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார்கள்; ஆண்டுதோறும் ரங்கநாதன் பெயரில் அரசு நல்நூலகர் விருது கொடுப்பது அவர்களில் சிலருக்குத்தான். விருது கொடுத்த கையோடு, அவரிடம் இரண்டு இளம் நூலகர்களை ஒரு வாரம் அனுப்பிவைக்கலாமே.

வாசகர்களான நமக்கும் இதில் வேலை உண்டு. உங்கள் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் இருந்தால், கவுண்டரில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வையுங்கள். நூலகரால் அன்றைக்குப் பதில் சொல்ல முடியாத கேள்விகள் மட்டும் அதில் போகட்டும். கேட்டவர் பெயர் வேண்டாம். தேதியும் கேள்வியும் போதும். 'நீட் தேர்வுக்குத் தமிழில் உயிரியல் நூல்', 'மகளிர் குழுக் கடனுக்கு யாரைப் பார்ப்பது', 'பார்வை இல்லாத என் தம்பிக்கு ஒலிநூல் எங்கே கிடைக்கும்' என்ற மாதிரி வரும். மூன்று மாதம் கழித்து அதை நகல் எடுத்து மாவட்ட நூலக அலுவலரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த பயிற்சிக்கு இதிலிருந்தே பாடம் எடுங்கள் என்று கேளுங்கள். நாலைந்து நூலகங்களின் நோட்டுகளில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்திருந்தால் அதுவே முதல் பாடம். ஒலிநூல் கேள்விக்கு யாரைப் பேச அழைப்பது என்று யோசிக்க வேண்டியதில்லை. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் பிரெய்ல் பிரிவில் வேலை செய்பவர்களைக் கூப்பிட்டால் போதும்.